வேன் அக்காவும் இரண்டு கரண்டி அமுக்கராவும்

"...அதான் கேக்க வந்தேன் அண்ணே, ரெண்டு கரண்டிய மூணாக்கிக்கலாமா?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஊரான சிலிபினில் என் வீட்டு கேட்டருகே நின்று லெட்சுமி அக்கா கேட்ட கேள்வி இது. அவர் கையிலிருந்த சாவிக்கொத்து கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஆட்டவில்லை. கை தானாக நடுங்கியது.

லெட்சுமி என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. வேன் அக்கா என்றால் தெரியும். தினமும் காலையில் பதினோரு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் போய்த் தமிழ்ப்பள்ளியில் இறக்குகிறவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பதில் இருவருக்கும் லாபம்.

மூன்றாக்கலாமா என்று அவர் கேட்டது அமுக்கரா சூரணத்தை. ஆன்லைனில் அஷ்வகந்தா என்று அழகான டப்பாவில் விற்கிறார்களே, அதே வேர். அதை அவருக்குப் பழக்கிவிட்டது யார்? வேறு யார்... நான்தான்.

கமுந்திங் ஃபேக்டரியில் ஷிப்ட் மாறி மாறி உழைத்த உடம்பு என்னுடையது. வேலையை விட்ட பிறகும் என் தூக்கம் மட்டும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. யாரோ சொல்லி, ஒரு கரண்டி அமுக்கராவை வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம், எதற்கெடுத்தாலும் பொங்கிக்கொண்டிருந்த மனசுக்கு அடியில் யாரோ அடுப்பைக் குறைத்து வைத்த மாதிரி இருந்தது. தூக்கமும் வந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு வேர்! மண்ணுக்குள் கிடந்தது, மனுஷன் மனசுக்குள் இறங்கி இவ்வளவு வேலை செய்யுமா? இன்றைக்கும் எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

வியப்பு அடங்காதவன் என்ன செய்வான்? ஊருக்கெல்லாம் சொல்வான். முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன். ரொட்டி சானாய் போடுகிறவரிடம் சொன்னேன். காலையில் துளசித் தண்ணீர், ராத்திரியில் அமுக்கரா பால் என்று நடமாடும் விளம்பரமாகவே ஆனேன். வேன் அக்காவிடமும் சொன்னேன். முன்னால் லாரி, பக்கத்தில் மோட்டார் சைக்கிள், பின்சீட்டில் பென்சிலுக்காகச் சண்டை... அவருக்கில்லாத டென்ஷனா?

ஒரு கரண்டி என்றுதான் சொன்னேன். நல்லதுதானே, கூடப் போனால் என்ன என்று அக்கா இரண்டாகப் போட்டிருக்கிறார்.

இரண்டு மாதம் ஓடியது. நெஞ்சு படபடத்தது, வேர்த்தது, கை நடுங்கியது. எல்லாம் டென்ஷன் என்றே நினைத்திருக்கிறார். அன்று காலை சிக்னலில் நிற்கும்போது நெஞ்சு அடித்த அடியில் கண்ணை மூடிவிட்டார். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, முன்சீட்டில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பெண் தோளைத் தொட்டு, "ஆன்ட்டி, போலாம்" என்றிருக்கிறாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நேராக என்னிடம் வந்துவிட்டார். இதற்கெல்லாம் மருந்தாக மூன்றாவது கரண்டி கேட்டு!

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். தைராய்டுக்குச் சாப்பிடுகிறாராம், நாலு வருஷமாக. அரசாங்கக் கிளினிக்கில் கொடுப்பது. அமுக்கரா விஷயம் அங்கே டாக்டருக்குத் தெரியுமா?

"கேட்டாங்க அண்ணே, உபாட் கம்போங் ஏதும் சாப்பிடுறீங்களான்னு. தாக் அடான்னு சொல்லிட்டேன். சொன்னா ஏசுவாங்கல்ல."

உபாட் கம்போங், அதாவது நாட்டு மருந்து. தாக் அடா, அதாவது இல்லை. எந்தக் கிளினிக்கில் கேட்டாலும் நம் ஆட்கள் சொல்கிற ஒரே பதில் இதுதான். பிரஷர் மாத்திரை வாங்கப்போன இடத்தில் நானும் இதைத்தான் சொன்னேன் — துளசி வாசம் வாயைவிட்டுப் போவதற்குள்.

ஏன் சொல்கிறோம்? அக்கா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே மருந்து கொடுக்க டிரசர் ஒருவர் இருந்தார். பச்சிலை அரைத்துப் போட்டுக்கொண்டு போனால், மருந்துக்கு முன்னால் ஏச்சைக் கொடுப்பார். தோட்டம் மூடி, லயன் வீடு இடிந்து, இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அந்த டிரசர் மட்டும் நம் நாக்கில் இன்னும் டியூட்டியில் இருக்கிறார்!

என் பழைய காரில் அக்காவை ஏற்றினேன். சூரண பாட்டில் அவர் மடியில். கிளினிக்கில் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், முப்பது வயசு இருக்காது. வழக்கமான கேள்வி வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அடா," என்றார் அக்கா. இருக்கிறது. பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டர் ஏசவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எத்தனை கரண்டி, எத்தனை மாதம் என்று எழுதிக்கொண்டார். பிறகு மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன், மக்சிக் என்றால் ஆன்ட்டி: "இந்த வேருக்குச் சக்தி இருக்கு மக்சிக். அதனாலதான் நாங்க கேக்கிறோம்."

தைராய்டு மாத்திரையோடு சேர்ந்தால் இந்த வேர் சிலருக்கு அளவை ஏற்றிவிடலாம், ரத்தம் பார்த்தால் தெரியும் என்றார். சூரணத்தை நிறுத்தச் சொன்னார். கை நிலைக்கு வரும்வரை வேன் ஓட்டவே கூடாது என்றார்.

பாருங்கள் நம் வாயை. 'நாட்டு மருந்துக்கு ஈடு உண்டா' என்கிறோம். அதே மூச்சில் 'பச்சிலைதானே, என்ன பண்ணிடும்' என்கிறோம். எப்படிப் பொருந்தும்? ஒரு நெஞ்சை அமைதிப்படுத்தத் தெரிந்த வேருக்கு இன்னொரு நெஞ்சை ஓடவிடவும் தெரியாதா? எனக்கு அமுக்கராமேல் இருந்த மரியாதை அன்று இரண்டு மடங்கானது. நான் இன்னும் ஒரு கரண்டி குடிக்கிறேன் — என் டாக்டரிடம் சொல்லிவிட்டு. ஊருக்குச் சொல்வதைத்தான் நிறுத்திவிட்டேன்.

அக்காவுக்குத் தைராய்டு ஏறித்தான் இருந்தது. இப்போது இறங்கிவிட்டது, கை நடுக்கமும் நின்றுவிட்டது. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேருக்காக இல்லை. கிளினிக்கைவிட்டு வெளியே வந்ததும் நடந்ததற்காக.

கார் பார்க்கில் நின்று யோசித்தோம். ஒரு மாதம் வேன் நின்றால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். கை நடுங்கியது என்று தெரிந்தால், எந்தத் தாய் திரும்ப அனுப்புவாள்? இருபது வருஷமாக ஓட்டிச் சேர்த்த பெயர் அது. வேன் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் அக்கா, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"ரிப்பேரு வேன்ல இல்லையே அண்ணே," என்றார்.

காருக்குள் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"சாவித்திரி, வேன் அக்கா பேசுறேன். பதறாதம்மா, புள்ள ஸ்கூல்ல பத்திரமா இருக்கு. மத்தியானம் நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போ. எனக்குக் கை நடுங்குது. இன்னிக்குக் காலையில சிக்னல்ல கண்ண மூடிட்டேன், ஒன் புள்ள வண்டியில இருக்கும்போது. டாக்டர் ஓட்ட வேணாம்னுட்டாங்க..."

கரண்டிக் கணக்கைக்கூட மறைக்கவில்லை. இரண்டாவது வீட்டிலும் அதையேதான் சொன்னார். மூன்றாவதிலும். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா?

நாலாவது வீட்டில் ஏசினார்கள். எனக்கே கேட்டது. அக்கா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். "சரிம்மா," என்றார்.

ஐந்தாவது நம்பரை அழுத்தினார்.