ஏழாம் மாதிரிக் கடிதம்

ஹட்டன் பெரிய தெருவில், ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வணிகக் கல்லூரி நடந்தது. கல்லூரி என்பது பலகையில் மட்டும்தான். உள்ளே ஒன்பது டைப்ரைட்டர்கள், ஒரு கரும்பலகை, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. டைப்பிங், சுருக்கெழுத்து, ஆங்கில வர்த்தகக் கடிதம் என்று மூன்று பாடங்கள். பாடக் குறிப்புகளை ஸ்டென்சிலில் தட்டி, ரோனியோ மெஷினில் உருட்டிப் பிரதி எடுப்பது என் பொறுப்பு.

அந்தக் குறிப்புகளுக்கு நான் சட்டம் வைத்திருந்தேன். தேதி வலது மூலையில். பத்தி தொடங்க ஐந்து இடம் தள்ள வேண்டும். முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடம் விட வேண்டும். கடிதத்தின் அடியில் இடது ஓரத்தில் எழுதியவரின் முதலெழுத்து, ஒரு சாய்கோடு, தட்டியவரின் முதலெழுத்து. யாரும் கேட்காமலே இதையெல்லாம் ஒரு தடித்த கொப்பியில் எழுதி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்றிருந்தது. மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதும்போது, பெயரையும் முகவரியையும் தவிர மாணவர்கள் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. கை வைத்தால் கெடுத்துவிடுவார்கள் என்பது என் கட்சி.

ஆறு வருஷம் நான் வைத்ததே சட்டமாக இருந்தது. பிறகு ஆங்கிலக் கடிதப் பாடத்துக்கு ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். றொசல்லயிலிருந்து காலை ரயிலில் வருவார். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர்கள். அவருக்கு என்னைவிட எட்டு வயது குறைவு, ஆங்கிலம் என்னைவிட இரண்டு மடங்கு.

வந்த வாரமே என் கொப்பியை வாங்கிப் போனார். திருப்பித் தந்தபோது பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி. வேலை கேட்கும் கடிதங்களில் இவ்வளவு கும்பிடு வேண்டாம், கேட்பதை நேராகக் கேட்டால் போதும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆறு வருஷத்தில் எனக்காக ஒரு தடவை ஆடியிருக்குமா அந்தத் தலை? டீச்சர் டீ குடிக்கும் கோப்பையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குறிப்புகளைத் திரட்டிக் கண்டியில் புத்தகமாக அச்சடிக்க பிரின்சிபால் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அட்டையில் தொகுப்பாசிரியர் என்று ஒரே ஒரு பெயர்தான் வரும். அது யார் பெயர் என்று வருஷக் கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். நானோ அது என் பெயர்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஏழாம் மாதிரிக் கடிதத்தை எழுதினார். கிளாக்கர் வேலைக்கான விண்ணப்பம். அதில் ஒரு வரி: என் தந்தை தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி. நான் பொங்கிவிட்டேன். இதைப் பார்த்து எழுதப் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்காதா, மாதிரி என்றால் கௌரவமாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "பெரட்டுக்குப் போற அப்பாவ வேற என்னான்னு எழுதச் சொல்றீங்க சார்? இங்க படிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இதுதானே உண்மை?" என்றார்.

என் அப்பாவும் விடிந்தால் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்தான். இந்தக் கல்லூரியில் வேலைக்கு நான் விண்ணப்பித்தபோது அவரை வியாபாரி என்று எழுதினேன். எனக்கு எழுத வராத வரியை இந்தப் பெண் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறாள் என்பதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் ஸ்டென்சில் தட்டும்போது அந்த வரியில் தவறு மூடும் சிவப்புத் திரவத்தைத் தடவினேன். காய்ந்ததும் அதன்மேல் 'ஹட்டனில் வியாபாரி' என்று தட்டினேன். அடியில் வழக்கம்போல அவர் முதலெழுத்து, சாய்கோடு, என் முதலெழுத்து. அறுபது பிரதி எடுத்தேன். அவர் காய்ச்சலில் லீவு போட்டிருந்த நாளில் வகுப்பில் கொடுத்தும் முடித்தேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவர் அதை அப்படியே பார்த்து எழுதி ஒரு தேயிலைக் கம்பெனிக்கு அனுப்பினார். சட்டப்படி பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றியிருந்தார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு ஹட்டனில் எந்தக் கடை என்று பெரிய கிளாக்கர் கேட்டிருக்கிறார். இவர் விழித்திருக்கிறார். கடிதத்திலேயே பொய் எழுதுகிறவனை மேசையில் உட்கார வைக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் பாடத்தாளோடு கல்லூரிக்கு வந்தார். சண்டை போடவில்லை. நீங்கள் கொடுத்தபடிதானே எழுதினேன் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிரின்சிபால் தாளின் அடியில் இருந்த முதலெழுத்தைப் பார்த்தார். "இது நீங்க எழுதினதா டீச்சர்?" என்றார்.

டீச்சர் தாளை வாங்கினார். திரவம் பூசிய இடத்தில் எழுத்து கொஞ்சம் தடித்து விழும், அது அவருக்குத் தெரியும். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச எனக்குப் போதுமான நேரம் இருந்தது. நான் டைப்ரைட்டர் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"என் பாடந்தாங்க. வகுப்புக்குப் போறதுக்கு முந்தி நான் ஒருக்கா பாத்திருக்கணும்," என்றார் அவர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு வந்தது நன்றியல்ல. இதிலும் என்னை மிஞ்சிவிட்டாரே என்ற பொறாமைதான் வந்தது. அந்தத் தவணை வகுப்புகளோடு அவர் வேலையை விட்டு ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அந்த மாணவர் ஏதோ கடையில் சேர்ந்ததாகக் கேள்வி.

புத்தகம் அச்சாகி வந்தது, அட்டையில் என் பெயரோடு. அச்சுக்குக் கொடுக்கும் முன்பு ஏழாம் கடிதத்தில் அவருடைய வரியைத் திரும்பச் சேர்த்திருந்தேன். பரிகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, பொல்பிட்டிய பக்கத்து மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தை விரித்தபடி என் மேசைக்கு வந்தாள்.

"அப்பா தோட்டத்துல வேல செய்றாருன்னு எழுதியே வேல கேக்கலாம்னு இதப் படிச்சப்புறந்தான் சார் தைரியம் வந்துச்சு. இந்தக் கடிதம் நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாம்மா," என்றேன்.