தண்ணீர் இறக்கிய கார்

காரின் அடியிலிருந்து செங்காவி நிறத்தில் வெந்நீர் ஓடிவந்து முருங்கை மரத்தடியில் தேங்கியது. அதைப் பார்த்து அக்கா சிரித்தாள். எண்பதுகளின் கடைசியில், முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அப்பா தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வாங்கிய பழைய கார் அது. முதல் மாரடைப்புக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, தட்டச்சராக வேலை பார்த்த அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை பரிசோதனைக்குப் போய்த் திரும்பும் வழியில், திருமுல்லைவாயில் அருகே ரேடியேட்டர் கொதித்து, ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. அப்பா வெயிலில் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அக்காவின் கண் சாலையைவிடச் சூடு காட்டும் முள்ளின் மேல்தான் அதிகம் இருந்தது. உள்ளே துரு அடைத்திருக்கும், சலவை சோடாவைக் கரைத்து ஊற்றிக் கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டு, இறக்கிக் கழுவினால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து வீட்டு லாரி டிரைவர். காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தவர். பந்த் அறிவித்திருந்த நாளாகப் பார்த்து அக்கா அந்த வேலையை எடுத்தாள். யாரும் எங்கும் போக வேண்டியிராத நாள்.

தண்ணீர் முழுக்க இறங்கி முடிந்த சமயம் உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். அப்பா நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தெருவில் ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. இருந்த ஒரு வண்டியும் வறண்டு கிடந்தது.

அக்கா காரின் அடித் திருகை இறுக்கி மூடிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர், "சூடா கீற என்ஜின்ல பச்சத் தண்ணி ஊத்தாதம்மா, பொளந்துக்கும். ஊட்ல வெந்நி கீதா பாரு" என்றார். குளிக்க அம்மா காய்ச்சி வைத்திருந்த தவலை வெந்நீரை நான் சொம்பு சொம்பாக மொண்டு கொடுக்க, அக்கா ஊற்றினாள். அவசரத்தில் பாதி கீழே போனது. அப்பாவை நானும் அம்மாவும் தாங்கிப் பிடித்துப் பின்சீட்டில் ஏற்றினோம். அவர் தலை என் மடியில். அம்மா முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ, ஓடவிட்டால் கொதித்துவிடுமோ என்று எனக்குக் கவலை. "முள்ளு எங்கக்கா இருக்கு?" என்றேன்.

"கீழதான் இருக்கு. நீ அப்பாவைப் பாரு." அதற்குப் பிறகு வழியெல்லாம் யாரும் பேசவில்லை.

அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பின், வராந்தாவில் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள்: "முள்ளு அசையவே இல்லடி. ஒயர் கழண்டிருக்கு. கிளம்பும்போதே தெரிஞ்சுது." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுகூடப் பரவாயில்ல. பின்னாடி சத்தமே இல்ல. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரல. நீ ஏதாவது பேசுவேன்னு காத்துக்கிட்டே ஓட்டினேன்" என்றாள்.

வழி முழுக்க நான் அப்பாவின் மூக்கருகே விரலை வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அந்த மெல்லிய மூச்சு தவறிவிடும் என்று பயம். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் டாக்டர் வந்து, பிழைத்துவிட்டார் என்றார். அப்பா அதற்குப் பிறகும் சில வருடங்கள் எங்களோடு இருந்தார்.

இப்போது அக்காவுக்கே இதய நோய். பரிசோதனைக்கு நான்தான் என் காரில் அழைத்துப் போகிறேன். பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் மூடாமல் பேசுகிறாள். கத்தரிக்காய் விலை, யார் வீட்டிலோ கல்யாணம், மாடியில் காயாத துணி. போன மாதம் நடுவழியில் பேச்சு சட்டென்று நின்றது. என் கண் பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குப் போனது.

"இருக்கேன், நீ ஓட்டு" என்றாள்.