இரண்டு தட்டு

கல்யாண மேடைகளில் வாசிக்கும் கீபோர்டுக்காரர், முன்பெல்லாம் மோதிரத்தால் கீபோர்டு விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். மூன்று வருஷமாகத் தட்டுவதில்லை. கேட்டால், "விரல் வலிக்குதுப்பா" என்று மழுப்புவார். வலி விரலில் இல்லை.

தன்பால் காதலர்களும் திருநர்களும் தலைநிமிர்ந்து கூடும் பிரைட் விழாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டார்கள். கட்டுப்பெட்டியான ஊர், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் மேடை ஆசை யாரை விட்டது? முழு முகமூடி போட்டுக்கொண்டு ஏறினார். ஜென்மத்தில் அப்படி வாசித்ததில்லை. கூட்டம் ஆடித் தீர்த்தது.

இறங்கியதும், இன்னொரு பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டு ஒருத்தி எதிரே வந்து நின்றாள். அவருடைய தம்பி மகள்.

"பிரமாதம் சார்! எங்க பெரியப்பாவும் இப்படித்தான் மோதிரத்தால ரெண்டு தட்டு தட்டிட்டு ஆரம்பிப்பாரு. நான் இங்க வந்தது தெரிஞ்சா வீட்டுப் படியே ஏத்தமாட்டாரு."

குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் பார்வை அவர் கைப்பக்கம் இறங்கியது.

முகமூடியைக் கழற்றியிருக்கலாம். பெரிய மனுஷன், கையைப் பின்னால் கொண்டுபோய் மோதிரத்தைக் கழற்றினார்.