தண்ணீரில் தாழ்ந்த சளி

என் சளி தண்ணீரில் தாழ்ந்தது என்பதற்காக என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பதுகளின் கடைசி. வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி கிடைத்து நாங்கள் வயல் செய்யத் தொடங்கிய காலம். சின்ன வயதில் குக்கல் என்ற கக்குவான் இருமல் வந்ததிலிருந்து எனக்கு இருமல் விட்டதேயில்லை. காலையில் எழும்பினால் அரைக் கிளாஸ் சளி வரும். மஞ்சளும் பச்சையுமாக, கட்டி கட்டியாக, நாற்றத்தோடு. நெல் சூடடிப்புக்கு வந்து நின்ற மச்சாள், இவருடைய அக்கா, அதைக் கண்டுவிட்டா. சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் துப்பச் சொன்னா. மிதந்தால் வெறும் தடிமனாம், சளிப் பிடிப்பு; தாழ்ந்தால் கசமாம், காசநோய். என்னுடையது நேரே அடியில் போய் இருந்தது.

"ஐயோ, கசம்தான்! நெஞ்சை அரிச்சுப்போடும். பிள்ளையை இவளிட்டை விடாதை!"

பால்குடி மறவாத பிள்ளையோடு அன்றைக்கே தன் ஊரான முள்ளியவளைக்கு பஸ் ஏறினா. இவர் அக்காவின் பக்கமே நின்றார். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிப்போனது.

அழுதேன்தான். அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கும் போனேன். காலைச் சளியைப் போத்தலில் பிடித்துத் தரச் சொல்லி, திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். போத்தலை அசைக்காமல் வைத்தால் மேலே நுரை, நடுவில் கழுநீர், அடியில் சீழ் என்று பிரிந்து நிற்கும்.

"உமக்குக் கசம் இல்லை," என்றார் டொக்டர். "நெஞ்சுக்குள்ளை குழாயள் விரிஞ்சுபோச்சு. பள்ளத்திலை தண்ணி நிக்கிற மாதிரி சளி நிக்குது. கட்டிலிலை குப்புறப் படுத்து, தலையைக் கீழை தொங்கவிட்டு இருமி இறக்கும். இது மாறாது. ஆனா ஒருத்தருக்கும் தொத்தாது."

"கொஞ்சம் பொறும், இப்ப போய்ப் பிள்ளையைக் கேட்டா அக்கா கோவிப்பா," என்றார் இவர்.

"கோவிக்கட்டும். நான் போறன்."

மாரி தொடங்கியிருந்தது. முள்ளியவளையில் மச்சாளுக்கே நல்ல தடிமன், குரல் அடைத்திருந்தது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"கண்டறியாத டொக்டர்! சளி அடியிலை தாண்டதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"ஓம், கண்டனீங்கள். இப்ப நீங்கள் துப்புங்கோ."

குசினிக்குள் போய்ச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து அவவின் முன்னால் வைத்தேன்.

"உனக்கென்ன விசரே? எனக்கு வெறும் தடிமன்."

"அப்ப ஏன் பயப்பிடுறியள்?"

ரோசம் வந்துவிட்டது மச்சாளுக்கு. காறித் துப்பினா. தடித்த மஞ்சள் சளி. மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய் இருந்தது. அவ சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றா.

"உங்களிட்டையும் பிள்ளையை விடேலாது, மச்சாள்," என்றேன்.

சொன்ன வேகத்தில் எனக்கு இருமல் கிளம்பிவிட்டது. அடக்க முடியவில்லை. உள்ளே சேலை ஏணையில் கிடந்த பிள்ளை அந்தச் சத்தத்துக்கு முழித்து, துள்ளித் துள்ளி அழுதது. மாதக்கணக்காகக் காணாத என்னை அதற்கு அந்த இருமலில் தெரிந்திருந்தது.

மச்சாள் மறிக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் இருமி இருமியே நடந்தேன்.