ஒரு நாள் கூலிக்கு மேல் வாங்காத பொருளாளர்

வியாழக்கிழமை காலை ஜெகதளா நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் நான் போனைத் தொடுவதில்லை. நடத்துநர் குமார்தான் எடுத்தான். கேட்டுவிட்டு என் காதில் வைத்தான். "மாமா, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே..." என்றாள் கலா, சிவனு அண்ணனின் மகள். மினி பஸ் நிறைய ஆட்கள். நடுவழியில் விட்டுவிட்டு ஓட முடியுமா? குன்னூர் வரை ஓட்டிப்போய்த்தான் நிறுத்தினேன். எந்த வளைவில் ஹார்ன் அடித்தேன், எதில் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. சிவனு அவர்கள் பத்து வயதில் பெற்றோருடன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். எங்கள் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐந்தாம் லயம் கால்பந்துக் கழகத்தின் பொருளாளர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு உதைக்கப் பந்தே இருந்திருக்காது.

கழகத்தின் சட்டத்தை அவரும் சில தொழிலாளர்களும் சேர்ந்து எழுதினார்கள். உறுப்பினர் சந்தா வருடத்துக்கு ஒரு நாள் கூலி. கொழுந்து பறிப்பவருக்கு அவர் கூலி, டிரைவருக்கு அவர் சம்பளத்தில் ஒரு நாள். கட்டியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. அதற்கு மேல் யாரிடமும் ஒரு பைசா வாங்கக்கூடாது. கையில் இருக்கும் பணத்தைத் தவிர வேறு பணத்தைச் செலவு செய்யக்கூடாது.

நான் செயலாளரான புதிதில், "டிக்கெட் வசூல் வரும்ல, அத நம்பி பூட்ஸ் வாங்கிக்கலாமுங்கண்ணா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பறிக்காத கொழுந்த நிறுத்துப் பார்ப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வராத நாள் எது? அந்த வருடம் பழைய பூட்ஸிலேயே ஆடினோம்.

வெலிங்டனில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், பையன்கள் ஆடுவதைப் பார்த்து மனமிளகி ஒரு பெரிய தொகையைக் கொண்டுவந்தார். சிவனு அண்ணன் அவருடைய பென்ஷன் எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்டார். முப்பதால் வகுத்தார். ஒரு நாளுக்கானதை எடுத்துக்கொண்டு, ரசீது போட்டு, மிச்சத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். நான் வயிறெரிந்து நின்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். அதன் பிறகு எந்தப் பொதுக்கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை.

"ஏனுங்கண்ணா, நல்ல மனுசன் குடுத்தாக் கூட வாங்கக் கூடாதுங்களா?" என்று சண்டைக்குப் போனேன். அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாங்க கடல் தாண்டி வந்தப்ப ஒரு தகரப்பெட்டிதான் எங்களுதுன்னு இருந்துச்சு. இந்த லயம் தோட்டத்துது. வேலை முடிஞ்சா வீட்டக் காலி பண்ணணும். எனக்கே மக தோட்டத்து வேலையில இருக்கவாசிதான் கூரை இருக்கு. எங்க ஆளுகளுக்குன்னு இந்த மலையில சொந்தமா இருக்கது இந்த டீம் ஒண்ணுதான். ஒருத்தரு அதிகமாக் குடுத்தா அது அவருதாப் போயிரும் தம்பி."

கேட்டேன். ஆனால் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏனென்றால் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். மற்ற டீம்கள் கூடலூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு ஆட்களை இறக்கின. எங்கள் பையன்களோ வேலை தேடித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு ரிசார்ட் முதலாளி வந்தார். கோச், சம்பளம், மின்விளக்கு, எல்லாம் தருவதாகச் சொன்னார். கழகத்தை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுத்தால் அந்த யோசனை தோற்றுவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி எழுதப்போவது இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. நான் அந்த முதலாளியிடம் பணம் வாங்கினேன். திருப்பூர் போய்விட்ட முப்பத்தொரு பேரின் பெயரில் ஆளுக்கு ஒரு நாள் கூலி என்று பிரித்து, சந்தாவாக எழுதி, சிவனு அண்ணனிடம் கட்டினேன். வெளியூர் உறுப்பினர் கடிதம் மூலம் ஓட்டுப் போடலாம் என்று சட்டத்தில் இருந்தது. முப்பத்தொரு கடிதங்களையும் நானே எழுதுவதாக இருந்தேன். திருட்டுத்தனம்தான். டீம் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். மறைக்கவும் இல்லை, தெரிந்தே செய்தேன்.

அவர் பட்டியலை விரல் வைத்து வாசித்தார். "மாரியம்மா மகன் ரவி கூடக் கட்டியிருக்கானா? நல்லது" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டிருக்கிறார். நம்பர் கிடைக்காதவர்களின் அம்மாக்களைத் தேடி லயம் லயமாக நடந்திருக்கிறார். "செகரட்டரி கூப்பிடச் சொன்னாரு. கழகத்துல பொதுக்கூட்டம். கடிதம் வேணாம், நேர்ல வாங்க, பேசுவம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கூட்டத்தன்று காலை என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். நான் கட்டிய முழுப் பணமும் அதில் இருந்தது. "குடுத்தவர்ட்ட குடுத்துட்டு வந்துருங்க தம்பி. கூட்டம் பதினொரு மணிக்கு, நேரம் இருக்கு" என்றார். முகத்தில் கோபமே இல்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். போய்க் கொடுத்துவிட்டு, முதலாளி பேசியதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியபோது, மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேன் நின்றது. திருப்பூர் ஆட்கள் இருபத்தாறு பேர் குளிருக்குக் கையைக் கட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் தொடங்கியது. சிவனு அண்ணன் எழுந்தார். முடிந்தது நம் கதை என்று தலையைக் குனிந்துகொண்டேன். "இவங்க சந்தாவுல ஒரு பிழை நடந்துருச்சு. திருத்தியாச்சு. இப்ப அவங்கவங்க கூலிய அவங்கவங்க கட்டுவாங்க" என்றார். வரிசையில் நின்று கட்டினார்கள். பிறகு ஓட்டெடுப்பு. கழகத்தை விற்கக் கூடாது என்று கை தூக்கியவர்களை இரண்டு முறை எண்ணத் தேவைப்படவில்லை. அப்போது பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "இத்தன பேர வரவச்ச நம்ம செகரட்டரிக்கு ஒரு கை தட்டுங்கப்பா!"

எல்லாரும் தட்டினார்கள். சிவனு அண்ணனும் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருடம். என் வண்டியில் எத்தனையோ முறை எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். "அண்ணா, அன்னிக்கு நானு..." என்று ஆரம்பிப்பேன். "ரோட்டப் பாருங்க தம்பி" என்பார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாரா, நானாகவே நாலு பேர் முன்னால் சொல்வேன் என்று காத்திருந்தாரா? கேட்டிருக்கலாம். இன்றைக்கு அந்த ஒரு கேள்விக்காக, அவரை ஒரே ஒரு டிரிப் ஏற்றிப்போக மாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. கண்ணாடியில் பார்க்கிறேன். யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் இல்லை.

அடக்கத்துக்குத் திருப்பூரிலிருந்து ரவி வந்திருந்தான். குழிமேட்டில் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணே, அன்னைக்கு நீங்க எங்களக் கூப்பிடலேன்னா நம்ம டீமே போயிருக்கும்ணே" என்றான். அவர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், நான் மறுபடியும் பேசாமல் நிற்கிறேன். அந்த இடத்தில் நான் என்னை வெறுத்த அளவுக்கு என் எதிரிகூட என்னை வெறுத்திருக்க மாட்டான்.

நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கலா கேட்டாள். எழுதிவிட்டேன். ரவி, உன்னைக் கூப்பிட்டவர் அவர். உன் பெயரைத் திருடியவன் நான். பொதுக்கூட்டம் மாசக் கடைசியில் வருகிறது. என்னை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். மஞ்சுப் பனிமூட்டம் இறங்கிக் கீழே இருந்த மைதானத்தை மூடிவிட்டது. உள்ளே எங்கோ பையன்கள் பந்து உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போயிட்டு வாங்கண்ணா. இந்த மலர்ல எல்லார்த்து முன்னாலயும் சொல்லிட்டனுங்கண்ணா.