கூமுட்டை

"ஆண் லவ்பேர்ட் பறந்து போயிருச்சு. பொட்டை தனியா ஏழு முட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. குஞ்சு வராது, எல்லாம் கூமுட்டை. என்ன செய்றது?"ன்னு நேத்து இந்த ஃபேஸ்புக் குரூப்லதான் கேட்டிருந்தேன்.

காலையில ஈஜோக் ஊர்ல இருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டாரு. "அக்கா, எனக்குக் குடுங்க. நான் வளர்க்கிற பாம்பு, முட்டை மட்டும்தான் திங்கும்."

எனக்கு வந்துச்சே கோவம்! "என் பறவை முட்டை பாம்புக்கா? முடியாதுலா!"

எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் கேட்டாரு, "வெள்ளிக்கிழமையானா கோயில் புத்துல முட்டை வைக்கிறியே, அது யாருக்கு?"

போனை எடுத்தேன். தம்பியை வரச் சொல்லிட்டேன்.

வந்தவரு முட்டையை உடனே டப்பாவுல போடல. ஒவ்வொண்ணா போன் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. அஞ்சாவதுல நின்னுட்டாரு.

"அக்கா, சிவப்பா நரம்பு ஓடுது பாருங்க. இதுல உயிர் இருக்குலா. சூடு ஆறுறதுக்குள்ள கூட்டுல வைங்க."

பொட்டை மறுபடி அது மேல உக்காந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மத்த ஆறுலயும் உயிர் இல்ல, ஈஜோக் போயிருச்சு. வீட்டுல இப்ப ஒரே ஒரு கூமுட்டைதான் மிச்சம்னு என்னைப் பார்த்துக்கிட்டே சொல்றாரு வீட்டுக்காரர்.

அவருக்கு லைக் போடுறவங்க பேரை எல்லாம் குறிச்சு வச்சுக்குவேன்.