நோட்டில் ஒட்டிய நெல் இலை

நடவு முடிந்து மூன்றாவது வாரம். ஓடையோரக் கழனியில் பயிர் தூர் கட்டாமல், துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுந்து நின்றது. அந்தக் கழனியை நானும் என் ஓரகத்தியும் சேர்ந்துதான் பார்க்கிறோம். மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவேன்.

“இன்னா நோவோ தெரியல. மருந்துக் கடைக்குப் போய்ட்டு வந்துடட்டா?” என்றார் அக்கா.

முந்தைய வருஷம் அப்படி வாங்கி அடித்த மருந்தில் பயிர் தேறவில்லை. அதனால் இந்த முறை இலையைப் போனில் படம் பிடித்தேன். எங்கள் மலையூரில் ஜீப் வந்து நிற்கும் மேட்டில்தான் டவர் கிடைக்கும். அங்கே ஏறிப்போய் வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“புள்ளி அடி இலையில இருக்காம்மா, மேல் இலையிலயா? நடு நரம்பு வெளுத்திருக்கா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற பயிர்தான், அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. “பாத்துட்டு வந்து சொல்றேங்க” என்று இறங்கி ஓடினேன். அக்காவும் நானும் சேற்றில் குனிந்து ஒவ்வொரு தூராகப் பார்த்தோம். புள்ளியெல்லாம் அடி இலையில்தான். நரம்பும் வெளிறியிருந்தது.

மறுபடி மேடேறிச் சொன்னேன். “நோய் இல்லம்மா, துத்தநாகச் சத்துக் குறைவு. ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து தூவுங்க. வேற உரத்தோட சேர்த்துடாதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய நோட்டில் அதை எழுதி, பக்கத்திலேயே பறித்து வந்த இலையை டேப் போட்டு ஒட்டினேன். “படிக்கத் தெரியாத எனக்கு இந்த எலையே போதும்” என்று அக்கா சிரித்தார்.

தூவிய சில நாளில் புது இலை பச்சையாக வந்தது. விளைச்சலிலும் குறையில்லை.

அடுத்த பருவத்தில் அக்காவின் பிறந்த ஊரான நெல்லிவாசல்நாட்டிலிருந்து அவர் தம்பி ஓர் இலையோடு வந்தார். “உங்களுக்கு வந்த அதே நோவுதான்க்கா. இன்னா போட்டீங்க?”

அக்கா நோட்டை விரித்து இரண்டு இலைகளையும் பக்கத்தில் வைத்தார். எங்களுடையது காய்ந்துபோயிருந்தாலும் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தன. அவருடையதில் கண் மாதிரி நீளமான புள்ளி, நடுவில் சாம்பல் நிறம்.

“இது வேற, அது வேற. எங்களுதப் பாத்து நீ எதுவும் போட்டுடாத. படம் எடுத்து அனுப்பிக் கேப்போம்.”

குலைநோய் என்று அன்றைக்கே பதில் வந்தது. மருந்தை நான் எழுதிக்கொண்டேன். அக்கா டேப்பைப் பல்லால் கடித்து, தம்பியின் இலையை அடுத்த பக்கத்தில் ஒட்டினார். அதன்பிறகு நோட்டு சரியாக மூடுவதில்லை. அதன்மேல் எதையும் வைக்கவும் அக்கா விடுவதில்லை. எலை நொறுங்கிடுமாம்.